கலைச்சொல்: பூச்சிகளின் வைரஸ் 'ரெசிஸ்டன்ஸ்'

அனைவருக்கும் வணக்கம்.

பூச்சிகள் வைரஸ்களை எதிர்த்துப் பரிணமிப்பது பற்றிய கட்டுரைகளுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. 'ஜெனெட்டிக் ரெசிஸ்டன்ஸ்' வரும் இடங்களில் மரபணு எதிர்ப்பு, மரபெதிர்ப்பு, நோயெதிர்ப்புச் சக்தி என மூன்றும் கலந்து கிடக்கின்றன. மரபெதிர்ப்பு சுருக்கமானது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

மறு: கலைச்சொல்

> மரபெதிர்ப்பு சுருக்கமானது

சுருக்கம்தான், ஆனால் பொருள் வேறு. இலக்கியக் கட்டுரை படிப்பவருக்கு அது பழைய மரபை மீறுவது. 'மரபணு எதிர்ப்பு' என்றாலோ மரபணு மாற்றுப் பயிருக்கு எதிரான போராட்டம் என்று படிப்பார்கள். நோயெதிர்ப்புச் சக்தி தனி உடலைப் பற்றியது. அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தடைக்காப்பு என்கிறது, இலங்கையில் நிர்ப்பீடனம். நாம் பேசுவது தலைமுறைகளினூடே ஒரு கூட்டத்தில் எதிருருக்களின் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களின்) விகிதம் மாறுவதை.

'தடுதிறன்' எப்படி? தாங்குதிறன்போல வினைத்தொகை. பூச்சியின் கால்வழியில் வருவதால் 'கால்வழித் தடுதிறன்'.

மறு: மறு: கலைச்சொல்

தடுதிறன் நல்ல சொல். தாங்குதிறனோடு இணையாக நிற்பதுதான் அதன் பெரிய பயன். வைரஸ் பெருகுவதையே குறைத்தால் தடுதிறன். வைரஸ் அளவு குறையாமல், கேடு மட்டும் குறைந்தால் தாங்குதிறன். செத்த பூச்சிகளை எண்ணுவதால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. உடலில் வைரஸ் எவ்வளவு என்று பிசிஆர் மூலம் அளந்தாக வேண்டும்.

'கால்வழி' மட்டும் உதவாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பழ ஈயை ஆர்என்ஏ வைரஸ்கள் பலவற்றிலிருந்து காக்கிறது; 2008இல் இது தெரியவந்தது. அது தாயின் முட்டை வழியே பிள்ளைக்குப் போகிறது. அதுவும் கால்வழிதானே? ஆனால் ஈயின் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் பலர் சறுக்கும் இடமும் இதுவே. இரண்டு ஈக்கூட்டங்களை ஒப்பிடுமுன் டெட்ராசைக்ளின் கலந்த தீனியால் வோல்பாக்கியாவை நீக்க வேண்டும். மருந்தின் பாதிப்பு போக மேலும் சில தலைமுறைகள் சாதாரணத் தீனியில் வளர்க்க வேண்டும். இரண்டு கூட்டங்களையும் ஒரே வெப்பத்தில், ஒரே நெரிசலில் வளர்க்க வேண்டும். தாய் பட்ட தொற்றால் பிள்ளை பெறும் முன்தயாரிப்பும் அப்போது கழிந்துவிடும். அதன் பிறகும் நிற்கும் வேறுபாட்டைத்தான் மரபணுவின் கணக்கில் சேர்க்கலாம்.

தொற்றவைக்கும் முறையும் முக்கியம். ஊசியால் குத்தினால் எல்லாப் பூச்சிக்கும் ஒரே அளவு போகும், ஆனால் குடல் என்ற காவலைத் தாண்டிவிடுகிறோம். பட்டுப்புழுவில் டென்சோவைரசுக்கு எதிரான என்எஸ்டி-2 தடுதிறன் குடலில்தான் இருக்கிறது. நடுக்குடல் செல்லின் சவ்வுப் புரதத்துக்கான மரபணுவில் சுமார் 6,000 டிஎன்ஏ எழுத்திணைகள் அறுந்துபோனதால் வைரஸ் நுழைய வழியில்லை. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் அறுந்திருந்தால்தான் பலன். குத்தி மட்டும் சோதித்தால் இதைப் போன்ற தடுதிறன் கண்ணில் படாமலே போய்விடலாம்.

மறு: மறு: மறு: கலைச்சொல்

அப்படியானால் 'மரபணுத் தடுதிறன்'?

மறு: மறு: மறு: மறு: கலைச்சொல்

மரபணுவைத் தடுக்கும் திறன் என்று பொருள்கொண்டால்? நம் கட்டுரைகளில் டைசர்-2, ஆர்2டி2, ஆர்கோநாட்-2 என்ற மூன்று பழ ஈ மரபணுக்களும் வருகின்றன. வைரசின் இரட்டை இழை ஆர்என்ஏவை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, அதைக் கொண்டே வைரசை அழிக்கும் அமைப்பு அது. பழ ஈயின் மரபணுக்களிலேயே மிக வேகமாகப் பரிணமிப்பவற்றில் இம்மூன்றும் அடங்கும். ஒரு மரபணுவைச் செயல்படாமல் நிறுத்தும் மரபணு ஒடுக்கத்துக்கும் இதே வழிமுறை என்பதால் குழப்பம் நிச்சயம். நடுவில் 'வழி' சேர்த்து 'மரபணுவழித் தடுதிறன்' என்போம். நீளம்தான், கட்டுரையில் முதல்முறை மட்டும் முழுதாக எழுதி, பிறகு தடுதிறன் என்றால் போதும்.

மறு: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல்

ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான எடுத்துக்காட்டுகளில் போட்டுப் பார்த்தேன்.

"பழ ஈயின் ரெஃப்(2)பி மரபணுவின் தடுதிறன் எதிருருவில், குளுட்டமின், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் இருந்த இடத்தில் ஒரே ஒரு கிளைசின் இருக்கிறது, சிக்மா வைரஸ் இதில் எளிதில் பெருகாது." சரியாக ஓடுகிறது. (சிக்மா தொற்றிய ஈ கரியமில வாயு பட்டால் முடங்கி மீளாது, தொற்றாதது எழுந்துவிடும். இந்த முடக்கத்தை 1937இலேயே கவனித்தார்கள், அதற்குக் காரணம் வைரஸ் என்பது பிறகு தெரிந்தது.) பின்னாளில் அந்த எதிருருவையே மீறும் சிக்மா வகைகள் பிரான்சில் பரவின. அதற்கும் ஒரு சொல் வேண்டும்: 'தடுதிறன் முறிப்பு'.

ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சி இன்னும் நல்ல சோதனை. ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்களில் இந்தப் பூச்சியைக் கொல்ல அப்போது தெளித்த கிரானுலோவைரஸ் மருந்துகள் மெக்சிக்கோவில் கண்டெடுத்த ஒரே வகையிலிருந்து செய்தவை. 2005 முதல் ஜெர்மனி, பிரான்சு தோட்டங்களில் தடுதிறன் பதிவானது. சில கூட்டங்களைக் கொல்ல ஆயிரம் மடங்குக்கும் மேல் வைரஸ் தேவைப்பட்டது. மரபணு இசட் பால்குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரே இசட், அதுவும் தந்தையிடமிருந்து. ஆகவே தடுதிறனுள்ள ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் தப்பும். மாற்றிச் சேர்த்தால் மகள்கள் சாகும். ஒரே பிரதி போதும் என்பதால் பெண்களில் இது உடனே வெளிப்பட்டு, தேர்வுக்கு உட்பட்டு, வேகமாகப் பரவியது. மகன்களின் நிலை வைரஸ் செறிவைப் பொறுத்தது: குறைந்த அளவில் ஓங்கு பண்புபோலத் தோன்றும், கூட்டினால் அந்த ஓங்கல் குறையும். ஒரே அளவில் சோதித்துவிட்டு ஓங்கு, ஒடுங்கு என்று முத்திரை குத்தக் கூடாது.

தடுதிறன் முறிப்பு இங்கும் பொருந்துகிறது: வைரசின் பிஇ38 மரபணுவில் 24 எழுத்துச் செருகல் இல்லாத வகைகள் அந்துப்பூச்சியின் இந்தத் தடுதிறனை முறிக்கின்றன.

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல்

ஒரே ஒரு தடை. 'பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன்' வேளாண் நூல்களில் வேரூன்றிவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால்?

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல்

வேரூன்றியதைப் பிடுங்க வேண்டாம். எதிர்ப்புத்திறன் நஞ்சுக்கு, தடுதிறன் வைரசுக்கு. இரண்டும் சந்திக்கும் இடமும் உண்டு: பழ ஈயில் சிஎச்கோவ்1 மரபணுவில் தாவும் டிஎன்ஏ ஒன்று செருகியதை முதலில் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிக்கான எதிர்ப்புத்திறனோடு தொடர்புபடுத்தினார்கள், பிறகு சிக்மா வைரசைத் தடுப்பதும் தெரிந்தது. அங்கே இரண்டு சொல்லையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பட்டியலுக்கு:

மரபணுவழித் தடுதிறன்: ஓர் உயிரின் சொந்த மரபணு வேறுபாட்டால் வைரஸ் நுழைவதோ பெருகுவதோ குறைந்து, அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கும் போவது. கூட்டுயிர் பாக்டீரியாவால் வரும் காப்பும், தாயின் தொற்றால் வரும் முன்தயாரிப்பும் இதில் அடங்கா.