கமராவில் தெரியும் படங்கள் கணினியில் திறக்கவில்லை: மெமரி காட்டை ஃபோர்மட் செய்யலாமா?

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து)

வணக்கம். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் நடந்த காமன் கூத்தை, கம்பம் ஊன்றியது முதல் மதனை எரித்த இரவு வரை டிஜிட்டல் கமராவில் படம்பிடித்து வைத்திருக்கிறேன். மதன் வேடமிட்ட பெரியவர் இனிமேல் ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தப் படங்களை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். கமராவின் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் 64 ஜிபி காட்டைக் கழற்றி, காட் ரீடர் மூலம் வாசிகசாலையிலுள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பொருத்தினால், டிஸ்க் ஃபோர்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்கிறது. 'ஆம்' என்று கொடுத்துப் பார்க்கும்படி பக்கத்திலிருந்தவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் (ஹட்டனிலிருந்து)

தயவுசெய்து கொடுக்க வேண்டாம்; ஃபோர்மட் செய்தால் காட்டிலுள்ள படங்கள் அழிந்துவிடும். கமராவே படங்களைக் காட்டும்போது காட்டில் பழுது இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதைப் படிக்கத் தெரியாதது அந்தக் கணினிதான். 32 ஜிபி வரையுள்ள எஸ்டி காட்டுகள் பொதுவாக ஃபாட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபாட் முறையிலும் கோப்புகளை அடுக்கி வைக்கின்றன. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். எக்ஸ்ஃபாட் அதற்குப் பின் வந்தது. மைக்ரோசொஃப்ட் அதற்காகப் பிற்பாடு வெளியிட்ட மென்பொருள் இணைப்பை நிறுவாத எக்ஸ்பி கணினிக்கு உங்கள் காட் ஃபோர்மட் செய்யப்படாததாகவே தோன்றும்.

காட்டை மீண்டும் கமராவில் போட்டு, கமராவை யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணையுங்கள். அமைப்புகளில் யூஎஸ்பி முறையைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால் பிடிபி (PTP) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அம்முறையில் காட்டைப் படிப்பது கமராவே; படங்களை ஒவ்வொன்றாகக் கணினியிடம் கையளிப்பதும் அதுவே என்பதால், எக்ஸ்ஃபாட் தெரியாத கணினியும் அவற்றைப் பெற்றுக்கொள்ளும். மாஸ் ஸ்டோரேஜ் முறையில் இணைத்தால் கமராவும் வெறும் காட் ரீடர் போலாகி, அதே கேள்விதான் திரும்பவும் வரும். இதுவும் சரிவராவிட்டால், விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்திய மடிகணினி ஒன்றையும் எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி) காட்டை ஏற்கும் ரீடரையும் தேடிக்கொள்ளுங்கள்.

பதில் (தலவாக்கலையிலிருந்து)

மேலுள்ள விளக்கம் சரியானது. கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை: சில கேபிள்களில் மின்னூட்டத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், அவற்றால் படம் நகராது. மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகையால் கமராவின் பற்றரியை முழுமையாக ஏற்றிக்கொண்டு, 'கட்' செய்யாமல் 'கொப்பி' மட்டும் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் நின்றாலும் மூலப்படம் காட்டிலேயே இருக்கும். முடிந்ததும் படங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், சிலவற்றை முழு அளவில் திறந்து பாருங்கள். அரைகுறையாக வந்த படம் சிறிய உருவில் நன்றாகவே தெரியும், பெரிதாக்கினால்தான் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருப்பது புலப்படும்.

பதில் (நுவரெலியாவிலிருந்து)

ரீடரைப் பயன்படுத்த நேர்ந்தால், காட்டின் இடது விளிம்பிலுள்ள சிறிய பூட்டை 'லொக்' பக்கம் தள்ளிய பிறகே செருகுங்கள்; பெரும்பாலான ரீடர்களில் தவறுதலாக ஃபோர்மட் ஆவதை அது தடுத்துவிடும். பனியில் குளிர்ந்த கமராவைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் காட்டின் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பையிலேயே சற்று நேரம் விட்டுவைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிடிபி முறையில் எல்லாப் படங்களும் வந்து சேர்ந்தன. இப்போது காட்டை அழித்துவிடலாமா?

பதில் (ஹட்டனிலிருந்து)

இன்னும் வேண்டாம். வாசிகசாலைக் கணினியிலுள்ள பிரதி ஒன்றுதான். வேறொரு வன்தட்டில் இரண்டாவது பிரதி எடுத்து, அதையும் திறந்து பார்த்த பிறகு, காட்டைக் கணினியில் அல்லாமல் கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள்.