கோத்தகிரி முகாம்: பழைய விளையாட்டுகளை எப்படி மாற்றி ஆடுவது?

திருப்பூர் தம்பி:
வணக்கம். மே மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் இருபது பேரைக் கோத்தகிரிக்கு முகாம் கூட்டிப் போகிறோம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. கண்ணாமூச்சி, கல்லா மண்ணா எல்லாம் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் அரை மணியில் "போர் அடிக்குது" என்பார்கள். புதுசாக மாற்ற யோசனை சொல்லுங்கள். வாட்டர் பலூனும் வாங்கியாச்சு.

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, பலூனை ஊரிலேயே வைத்துவிட்டு வாங்க. இங்கே மே மாதத்திலும் நனைந்த பிள்ளைக்கு உடம்பு உதறும். கிழிந்த ரப்பர் புல்லோடு சேர்ந்து காட்டுமாட்டின் வயிற்றுக்குப் போகும்.

நான் முதலில் மாற்றுவது ஒன்றுதான். அவுட் ஆன பிள்ளையை ஓரமாக உட்கார வைக்க மாட்டேன். திருப்பூரில் நிழலில் உட்கார்ந்தால் ஓய்வு. இங்கே வியர்த்த உடம்போடு சும்மா உட்கார்ந்தால் குளிர் ஏறிவிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது. அவுட் ஆனவருக்கும் ஆட்டத்தில் ஒரு வேலை வேண்டும்.

கண்ணாமூச்சியில் பிடிபட்டவர் மரம். நின்ற இடத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு "உஷ்ஷ்" என்று காற்றுச் சத்தம் போட வேண்டும். கண் கட்டியவர் அந்த இரைச்சலுக்குள் காலடிச் சத்தத்தைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். மரம் கூடக் கூட ஆட்டம் கடினமாகும். கடைசி இரண்டு பேர் மரத்துக்கு மரம் ஒளிந்து நகர்வதைப் பார்க்க அவ்வளவு அழகு!

குலை குலையா முந்திரிக்காயில் துணிக்குப் பதில் கசக்கிய தைலமர இலை. திரும்பிப் பார்க்கக் கூடாது, வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உட்காரச் சாக்கு விரியுங்கள்.

கல்லா மண்ணாவில் கல் வேண்டாம், பாசி வழுக்கும். "மேடா பள்ளமா" என்று ஆடுங்கள். ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடைதான். சுமார் 1,800 மீட்டர் உயரம், முதல் நாள் மூச்சு வாங்கும். அன்றைக்கு இதை வைக்காதீர்கள்.

குன்னூர்க்காரன்:
சாயங்காலம் ஐந்து மணியோடு வெளி ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஐஸ் பாய் ஆடத் தேயிலைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. செடி இடுப்பு உயரம், உள்ளே காட்டுமாடோ கரடியோ இருந்தால் கிட்டே போகும்வரை தெரியாது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க.

திருப்பூர் தம்பி:
ரொம்ப நன்றி டீச்சர், அண்ணா. மழை பிடித்து ஹாலுக்குள்ளேயே இருக்க வேண்டி வந்தால்?

கோத்தகிரி டீச்சர்:
பெரிய பல்லாங்குழி. தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு ஏழாக 14 வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு ஒரு பிள்ளை காவல், மீதி ஆறு பேர் அணிக்கு மூவராகக் காய் போடுவார்கள். குழி காலியானால் அதன் காவல் எழுந்து காய் போடப் போகும், போட்டவர் காவலுக்கு வருவார். குழிக்கு ஐந்து என்றால் 70 காய் வேண்டும். தைலமரக் காய் கீழே நிறையக் கிடக்கும், மழைக்கு முன்னால் காலையிலேயே பொறுக்கச் சொல்லுங்கள்.