ரேணி கிராமத்தை இடம் மாற்ற வேண்டுமா?

செழியன்:
உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ரிஷி கங்கை தௌலி கங்கையோடு கலக்குமிடத்தின் மேலே சரிவில் இருக்கும் ரேணி கிராமத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். 2021 பிப்ரவரி 7 அன்று ரோந்தி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ஆற்றில் எழுந்த வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். அதே ஆண்டு ஜூன் மழையில் ஊருக்குக் கீழேயுள்ள நிலம் அரிக்கப்பட்டதால், சிப்கோ எனும் மரம் காக்கும் இயக்கத்தில் முன்னின்ற கௌரா தேவியின் சிலையையே அகற்ற நேர்ந்தது. சிலைக்கே இடமில்லாத சரிவில் குடும்பங்கள் எப்படி இருப்பது?

மங்கை:
ஐயா, அந்தச் சிலை ஏன் அங்கே நின்றது என்பதையும் சொல்லியிருக்கலாம். 1974 மார்ச் 26 அன்று, ஊர் ஆண்கள் நில இழப்பீட்டுக்காகச் சமோலிக்கு வரவழைக்கப்பட்டிருந்த வேளையில், கௌரா தேவியின் தலைமையில் 27 பெண்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட விடாமல் மறித்து நின்றார்கள். காடழிந்தால் வெள்ளம் எப்படிப் பெருகும் என்பதை 1970இல் அலக்நந்தா ஆற்று வெள்ளத்தில் கண்டவர்கள் அவர்கள். அந்த ஊரின் அடியிலேயே 13.2 மெகாவாட் நீர்மின் நிலையத்தைக் கட்டிவிட்டு, இப்போது ஊரை நகரச் சொல்வது என்ன நியாயம்?

செழியன்:
பாறை உடைந்தது சுமார் 5,500 மீட்டர் உயரத்தில், அம்மா. அங்கே மரமும் இல்லை, மின்நிலையமும் இல்லை.

மங்கை:
ஒப்புக்கொள்கிறேன், பாறையை மின்நிலையம் உடைக்கவில்லை. ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர், இந்த நிலையத்திலும் தபோவனத்தின் 520 மெகாவாட் திட்டத்திலும் ஆற்றோரமாக வேலை செய்தவர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது மலையன்று.

இளம்பரிதி:
இருவரும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. இவ்வூரில் வாழும் ‘போட்டியா’ என்னும் மலைப் பழங்குடி மக்களுக்குக் குடிபெயர்வது புதிதல்ல. பனிக்கும் வெயிலுக்கும் ஏற்ப மேலும் கீழும் இடம் மாறி வாழ்வது இப்பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். நீதிக் கணவாய் வழியாகத் திபெத்தோடு நடந்த வணிகம் 1962 போரோடு நின்றது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் உயரத்து மேய்ச்சல் நிலங்களும் அடைபட்டன. மூன்றாவது முறையாக எதை விட்டுக் கொடுக்கச் சொல்கிறோம் என்பதே என் கேள்வி.

செழியன்:
அப்படியானால் வெறும் வீட்டுமனை போதாது. வயலும், விறகெடுக்கும் காட்டுரிமையும் சேர்த்தே தரவேண்டும். ஆயினும் அடுத்த மழைக்குள் விரிசல் விட்ட வீடுகளிலிருந்தாவது அவர்கள் வெளியேறட்டும்.