பேட்டரி ரேக் காப்புரிமை: 3(எஃப்) ஆட்சேபணைக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கோவை_பட்டறை:

வணக்கம். கோவையில் சின்ன ஷீட் மெட்டல் பட்டறை நடத்துகிறோம். சோலார் போட்ட மில்களுக்கும் டெலிகாம் டவர்களுக்கும் பேட்டரி ரேக் செய்து தருவதுதான் இப்போது முக்கிய வேலை. எங்கள் சொந்த ரேக் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டிருந்தோம். எஃப்இஆர், அதாவது முதல் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. பதில் கொடுக்க இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. எங்கள் காப்புரிமை ஏஜென்ட் அனுப்பிய பதில் வரைவு எனக்குத் திருப்தியாக இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

முதலில் ரேக். ஒரு மாட்யூலில் 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல், ஒவ்வொன்றும் 280 ஆம்பியர் மணி. அதாவது 51.2 வோல்ட், சுமார் 14.3 கிலோவாட் மணி. பெட்டியோடு நூறு கிலோவைத் தாண்டும். ஒரு ரேக்கில் ஆறு மாட்யூல், எல்லாம் பேரலல். ஒன்றைக் கழற்றினாலும் மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் வாடிக்கையாளர்கள் கேட்பது.

எங்கள் ரேக்கில் ஒவ்வொரு அடுக்கின் முன்தூணிலும் ஒரு லீவர் உண்டு. அதை இறக்கினால் மாட்யூல் பின்னால் நகர்ந்து கனெக்டரில் உட்காரும். அதே லீவர், பக்க ரெயிலை ஒட்டி ஓடும் ஒரு ராடைத் தள்ளி, பின்பக்கக் காற்று டக்ட்டின் ஷட்டரைத் திறக்கும். மாட்யூலை எடுக்கும்போது லீவரைத் தூக்கினால் முதலில் மைக்ரோ சுவிட்ச் விழுந்து பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்று) லோடைத் துண்டிக்கும், அப்புறம் கனெக்டர் பின் கழலும், கடைசியில் ஷட்டர் மூடும். காலி அடுக்கு வழியாகக் காற்று வீணாகாது.

காப்புரிமைச் சட்டப் பிரிவுகளைச் சொல்லி வந்த ஆட்சேபணைகள்: எங்களுக்கு முந்தியவை என்று எக்ஸாமினர் காட்டும் ஆவணங்கள் டி1, டி2. டி1 ஒரு சீன ஆவணம் (ரெயில், லீவர், பின்பக்கக் கனெக்டர்). டி2 ஓர் அமெரிக்க விண்ணப்பம் (சர்வர் கேபினெட், டக்ட்டில் ஷட்டர்). இரண்டையும் சேர்த்தால் எங்களுடையது வந்துவிடும், அதனால் 2(1)(ஜேஏ)படி கண்டுபிடிப்புப் படி (துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்கிறார்கள். கூடவே 3(எஃப்): தெரிந்த பொருள்களை வெறுமனே அடுக்கி வைத்தது. கிளெய்ம்களில், அதாவது உரிமை கோரும் வாசகங்களில், 8ஆவது (ஃபோர்க்லிஃப்ட் நுழையும் அடித்தளம்) ஒரே விண்ணப்பத்தில் சேராத தனிக் கண்டுபிடிப்பு என்று 10(5). கிளெய்ம்களில் படத்தின் எண்கள் இல்லை என்று இன்னொன்று.

டி1 வெறும் யூட்டிலிட்டி மாடல், அதாவது சின்னக் காப்புரிமைதான். சீனாவில் அதை ஆழமாகப் பரிசோதிக்காமலே பதிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை எடுத்துக்காட்டியதே செல்லாது என்று வாதிடலாமா? அப்புறம், விண்ணப்பத்துக்குப் பிறகு மாட்யூல்களுக்கு நடுவே ஒரு தீத்தடுப்புத் தகடு சேர்த்திருக்கிறோம். அதையும் கிளெய்மில் போட்டால் பலம் கூடுமா?

---

மெஷின்_ஷாப்:

அண்ணா, இவ்வளவு அலைச்சல் எதற்கு? ரேக் மாதிரி சாமானுக்கெல்லாம் காப்புரிமை கிடைப்பது கஷ்டம். டிசைன் பதிவு செய்துவிடுங்கள். செலவும் குறைவு, 10 வருடம், நீட்டித்தால் 15 வருடம் கிடைக்கும்.

---

கிண்டி_ஏஜென்ட்:

டிசைன் பதிவு இங்கே உதவாதுங்க. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைத்தான் காக்கும். இயங்கும் முறை, கட்டுமானத் தத்துவம் இதெல்லாம் அதன் வரையறைக்கே வெளியே. லீவரின் வளைவைக் கொஞ்சம் மாற்றி அதே வேலையைச் செய்தால் பதிவை வைத்துத் தடுக்க முடியாது. போதாததற்கு, உங்கள் விண்ணப்பம் படங்களோடு வெளியாகியிருந்தால் அந்த வடிவம் இனிப் புதியதும் அல்ல. இந்தியாவில் யூட்டிலிட்டி மாடல் என்ற சின்னக் காப்புரிமையும் கிடையாது. ஆகவே இந்த எஃப்இஆரை நேராக எதிர்கொள்வதுதான் வழி.

யூட்டிலிட்டி மாடல் வாதத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். சீனாவில் அது எப்படிப் பதிவானது என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (விண்ணப்பத்தை முதலில் போட்ட நாளுக்கு) முன் அது பிரசுரமாகியிருந்தால் போதும், ஒரு பழைய பத்திரிகைக் கட்டுரையை எடுத்துக்காட்டலாம் என்றால் இதையும் காட்டலாம். பார்க்க வேண்டியது பிரசுரத் தேதியை. டி1-இன் முதல் பக்கத்தில் விண்ணப்பத் தேதி, பிரசுரத் தேதி இரண்டும் இருக்கும். பிரசுரம் உங்கள் தேதிக்குப் பிந்தியது என்றால் அந்த வெளிநாட்டு ஆவணம் விழுந்துவிடும். முந்தியது என்றால் அதன் உள்ளடக்கத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. கிளெய்ம் 1-ஐ அப்படியே இங்கே போட முடியுமா? ஆட்சேபணையை விட அதைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.

---

கோவை_பட்டறை:

டி1 எங்களுக்கு முன்னாலேயே வெளிவந்ததுதான் சார், பார்த்துவிட்டேன். கிளெய்ம் 1-இன் சாரம் இதோ:

"ஒரு சட்டகம், மாட்யூல்களைத் தாங்கும் ரெயில்கள், மாட்யூலை நகர்த்தும் லீவர், பின்பக்கக் கனெக்டர், காற்று டக்ட், டக்ட்டில் ஒரு ஷட்டர், ஒரு மைக்ரோ சுவிட்ச் ஆகியவற்றைக் கொண்ட ஆற்றல் சேமிப்பு பேட்டரி ரேக்."

லீவரும் ராடும் ஷட்டரும் எப்படி இணைந்திருக்கின்றன என்பது விவரணையில் (விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில்) படம் 3, படம் 5-ஓடு விரிவாக இருக்கிறது.

---

கிண்டி_ஏஜென்ட்:

3(எஃப்) ஏன் வந்தது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவு சொல்வது என்ன? தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தெரிந்த விதத்தில் தனித்தனியாக இயங்கும்படி, அடுக்கினாலோ மாற்றி அடுக்கினாலோ இரட்டித்தாலோ அது கண்டுபிடிப்பு ஆகாது. இதில் உயிரான வார்த்தை "தனித்தனியாக". உங்கள் கிளெய்ம் ஒரு சாமான் பட்டியல். லீவர் இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. ஒன்றை ஒன்று எப்படி இயக்குகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எக்ஸாமினர் கிளெய்மைத்தான் படிப்பார், உங்கள் பட்டறைக்கு வந்து லீவரைத் தூக்கிப் பார்க்கப்போவதில்லை. பட்டியலாக எழுதியதைப் பட்டியல் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேள்வியில் எழுதிய அந்த மூன்றாவது பத்தி இருக்கிறதே, முதலில் சுவிட்ச், அப்புறம் பின், கடைசியில் ஷட்டர் என்று, அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அது கிளெய்ம் 1-க்குள் வர வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் 1978 தீர்ப்பு ஒன்று உண்டு, பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு. பாத்திரத்தைக் கடைசலில் பிடித்து நிறுத்தும் ஓர் அமைப்பைப் பற்றியது. வெறும் பட்டறை மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்று சொல்லி அந்தக் காப்புரிமையை ரத்து செய்தார்கள். ஆனால் அதே தீர்ப்பு, பழைய பொருள்களின் சேர்க்கை புதிய விளைவையோ, மேலான அல்லது மலிவான பொருளையோ தந்தால் அது நிற்கலாம் என்றும் சொல்கிறது. ரேக், ஜிக், ஃபிக்ஸ்சர் மாதிரி இயந்திரச் சாமான்களுக்கு இந்த இரண்டு வரியும்தான் அளவுகோல். உங்கள் பதில் இரண்டாவது வரியில் போய் நிற்க வேண்டும்.

---

டிசி_லைன்:

நான் பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஆள், காப்புரிமைச் சட்டம் தெரியாது. தொழில்நுட்பப் பக்கம் சொல்கிறேன்.

லோடு ஓடும்போது பின்னைப் பிடுங்கினால் ஆர்க் அடிக்கும். ஏசி என்றால் 50 ஹெர்ட்ஸில் கரண்ட் ஒரு விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளியே இல்லை. 280 ஆம்பியர் மணி மாட்யூலை அரை சி-யில், அதாவது இரண்டு மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில், ஓட்டினாலே 140 ஆம்பியர். பின் கருகிப்போகும். அதனால் சுவிட்ச் முதலில் விழுவது உண்மையான நன்மை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பவர் பின்னுக்கு முன் இன்டர்லாக் துண்டிப்பது எங்கள் துறையில் பழக்கமான விஷயம். மின்வாகன சர்வீஸ் பிளக்குகளிலேயே இருக்கிறது. அதை மட்டும் தூக்கிப் பிடித்தால் எக்ஸாமினர் டி3 என்று இன்னொன்றைக் கொண்டுவருவார். உங்கள் பலம் அந்த ராடில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டி1-இல் லீவர் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது? மாட்யூலிலா, ரேக்கிலா? சீன ஆவணத்தின் மெஷின் மொழிபெயர்ப்பை நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

---

கோவை_பட்டறை:

பார்த்தேன் சார். டி1-இல் லீவர் மாட்யூலின் முகப்பில் இருக்கிறது. அதன் நுனிக் கொக்கி ரேக் தூணில் உள்ள ஒரு பின்னை நெம்புகிறது. மாட்யூலை எடுத்தால் லீவரும் கூடவே போய்விடும்.

எங்கள் லீவர் ரேக் தூணோடு இருக்கும். அதன் அடியில் ஒரு கேம் (சுழலும்போது தள்ளும் மேடு), மைக்ரோ சுவிட்ச் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். லீவரோடு ராடு சேரும் இடத்தில் வட்டத் துளைக்குப் பதில் ஒரு நீள்துளை. லீவரைத் தூக்கும்போது முதல் பாதி ஓட்டத்தில் லீவரின் இணைப்புப் பின் அந்த நீள்துளைக்குள் சும்மா நகரும், ராடு அசையாது. மாட்யூல் கனெக்டரை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தப் பின் துளையின் முனையில் முட்டி ராடை இழுக்கும், ஷட்டர் மூடும். முதலில் சாதாரணத் துளைதான் போட்டோம். மாட்யூல் இன்னும் லோடில் இருக்கும்போதே காற்று அடைபட்டது. அதனால்தான் நீள்துளை.

டி2-இல் ஷட்டர் ஒரு ஸ்பிரிங் தகடு. சர்வரின் பின் விளிம்பே அதைத் தள்ளித் திறக்கிறது. லீவரே கிடையாது.

---

டிசி_லைன்:

அந்த நீள்துளை விவரணையில் எழுதப்பட்டிருக்கிறதா? படம் 5-இல் தெரிகிறதா? இருந்தால் அருமை.

---

கோவை_பட்டறை:

இருக்கிறது. படத்தில் அதற்கு 42 என்று எண்ணே கொடுத்திருக்கிறோம். ஏன் போட்டோம் என்ற காரணமும் ஒரு பத்தியில் உண்டு.

---

கிண்டி_ஏஜென்ட்:

அப்படியானால் உங்கள் கையில் நல்ல பதில் இருக்கிறது.

டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்தால் என்ன வரும் என்று எக்ஸாமினருக்கு அடியெடுத்துக் காட்டுங்கள். டி1 மாட்யூலின் லீவர், டி2 டக்ட்டின் ஸ்பிரிங் தகடு. இரண்டும் ஒரே ரேக்கில் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று பேசாது. லீவர் தன் வேலையைச் செய்யும், தகடு மாட்யூல் முட்டினால் திறக்கும், விலகினால் உடனே மூடத் தொடங்கும். கனெக்டர் பின் விலகிய பிறகே ஷட்டர் மூட வேண்டும் என்ற வரிசை அந்தச் சேர்க்கையிலிருந்து வரவே வராது. அந்த வரிசை வர வேண்டுமானால் லீவரை மாட்யூலிலிருந்து ரேக்குக்கு மாற்றி, ராடு சேர்த்து, அதில் நீள்துளையும் போட வேண்டும். இப்படிச் செய் என்று டி1-ம் சொல்லவில்லை, டி2-ம் சொல்லவில்லை. இந்த ஒரே வாதம் 2(1)(ஜேஏ), 3(எஃப்) இரண்டுக்கும் பொருந்தும், ஏனென்றால் உறுப்புகள் தனித்தனியாக இயங்கவில்லை என்பதும் இதிலேயே நிரூபணமாகிறது. நீள்துளை ஏன் என்று விவரணையில் இருக்கும் பத்தியை வரி எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள்.

திருத்தம் பிரிவு 59-க்குள் நிற்க வேண்டும். விவரணையில் ஏற்கெனவே இருப்பதைக் கிளெய்முக்குள் கொண்டுவந்து எல்லையைச் சுருக்குவதற்குத் தடையில்லை. எல்லையை விரிப்பதற்கோ, விவரணையில் இல்லாததைச் சேர்ப்பதற்கோ அனுமதி இல்லை. ஆகவே தீத்தடுப்புத் தகட்டை இதில் தொடவே வேண்டாம். அது இந்த ரேக்கின் மேம்பாடு என்பதால் பிரிவு 54-இன்படி சேர்க்கைக் காப்புரிமையாகத் தனி விண்ணப்பம் போடலாம். மூலக் காப்புரிமை உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தனியாகப் புதுப்பித்தல் கட்டணம் கிடையாது. உங்கள் மூலக் கண்டுபிடிப்பையே காட்டி அதில் கண்டுபிடிப்புப் படி இல்லை என்று மறுக்கவும் பிரிவு 56 இடம் தராது. ஆனால் தகடு புதியதாக இருக்க வேண்டும். இன்னும் வெளியே காட்டவில்லை என்றால் விண்ணப்பம் போடும்வரை காட்டாதீர்கள்.

கிளெய்ம் 8-க்காகச் சண்டை போடாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் அடித்தளத்துக்கு என்று சட்டத்தின் பிரிவு 16-இன்படி தனியாகப் பிரித்து இன்னொரு விண்ணப்பம் போடலாம்தான், ஆனால் அதில் புதுமை இருப்பதாக எனக்குப் படவில்லை. நீக்கிவிடுங்கள்.

---

தேடல்_மேசை:

இடையில் ஒன்று. ஹியரிங்குக்கு முன் நீங்களே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. "பேட்டரி ரேக்" என்று வார்த்தை போட்டுத் தேடினால் கடல் மாதிரி கொட்டும். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்: எச்01எம் 50/251, அதாவது நிலையான நிறுவல்களுக்கான பேட்டரி ரேக்குகளும் உறைகளும். அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் ரேக்குகளுக்கான எச்05கே 7/14. 2021-க்கு முந்தியவை பழைய எச்01எம் 2/10-இன் கீழ் வகைப்படுத்தப்பட்டவை, அதையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்பாசநெட் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் படங்களை மட்டும் வேகமாகப் புரட்டினாலே நீள்துளையோடு ஒரு ராடு வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

---

கோவை_பட்டறை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏஜென்ட்டிடம் கொடுக்க என் வரைவு இது. ஆங்கிலத்தில் அவர் எழுதிக்கொள்வார்:

"முன்தூணில் (12) பொருத்தப்பட்ட லீவர் (30); லீவரால் இயக்கப்படும் மைக்ரோ சுவிட்ச் (35); லீவரையும் டக்ட் ஷட்டரையும் (50) இணைக்கும் ராடு (40); ராடில் பொருத்தமான அளவுள்ள நீள்துளை (42); லீவரை விடுவிக்கும்போது முதலில் சுவிட்ச் மாட்யூலின் லோடைத் துண்டிக்கும், பிறகு மாட்யூல் கனெக்டரிலிருந்து (22) விலகும், அதற்குப் பிறகே நீள்துளையின் முனை வழியாக ராடு நகர்ந்து ஷட்டரை மூடும் வகையில் அமைந்த ரேக்."

காலி அடுக்கோடு ஓட்டி, ஷட்டர் இருந்தும் இல்லாமலும் மற்ற மாட்யூல்களின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிள் ஒட்டி அளந்த பட்டியலும் இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பிறகு எடுத்தது. கொடுக்கலாமா?

---

கிண்டி_ஏஜென்ட்:

கொடுக்கலாம், பதிலோடு இணைப்பாக. விவரணைக்குள் நுழைக்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே சொன்ன நன்மையை அது உறுதிப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

வரைவு நன்றாக வந்திருக்கிறது. "பொருத்தமான அளவுள்ள" என்பதை எடுத்துவிட்டு, "கனெக்டர் முழுதும் விலகும்வரை ராடு அசையாதிருக்கும் நீளமுள்ள நீள்துளை" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெளிவில்லை என்று அடுத்த ஆட்சேபணை வரும். டி1-இல் உள்ள சட்டகம், ரெயில், கனெக்டர் எல்லாவற்றையும் முன்பகுதியில் வைத்து, லீவர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி உங்களுடையதை "இதன் சிறப்பியல்பு" என்ற பின்பகுதியில் போடுவது நல்லது. மைக்ரோ சுவிட்சை கிளெய்ம் 1-இல் வைப்பதா, கிளெய்ம் 2-க்குத் தள்ளுவதா என்பதை ஏஜென்ட்டோடு பேசுங்கள். பழைய கிளெய்ம் 1-இல் சுவிட்ச் ஏற்கெனவே இருந்ததால் இப்போது எடுப்பது எல்லையை விரிப்பதாகிவிடும், என்னைக் கேட்டால் அங்கேயே இருக்கட்டும்.

திருத்தியதைக் குறித்துக் காட்டிய பிரதி, சுத்தப் பிரதி இரண்டையும் சமர்ப்பிக்க வேண்டும். எஃப்இஆர் தேதியிலிருந்து ஆறு மாதம் கெடு. போதாவிட்டால் கெடு முடிவதற்குள் படிவம் 4 கொடுத்து மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இரண்டையும் தவறவிட்டால் பிரிவு 21-இன்படி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். ஹியரிங் வந்தால் வீடியோவில் நடக்கும். நீங்களும் ஏஜென்ட்டோடு உட்காருங்கள், நீள்துளை உள்ள ஒரு ராடைக் கையில் வைத்துக்கொண்டு அது எப்படி நகர்கிறது என்று காட்டுங்கள். பேசியதையெல்லாம் 15 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

---

கோவை_பட்டறை:

சரிங்க சார். நாளைக்கே ஏஜென்ட்டோடு உட்காருகிறேன். தகட்டுக்குப் படம் போட ஆளிடம் சொல்லியாயிற்று, அந்தச் சேர்க்கை விண்ணப்பம் போகும்வரை யாருக்கும் சப்ளை செய்யமாட்டோம்.