குவைத்தில் அப்பா, தக்கலையில் பிள்ளை: போன் நேரம், லீவு, பாஸ்போர்ட்

குவைத்திலிருந்து:
ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். வேலை முடிந்து கேம்ப் வந்து, குளித்துவிட்டுப் போனை எடுக்கும்போது இங்கே ஏழு, ஊரில் ஒன்பதரை. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் 'உம்' கொட்டும். நம்மோடு பேச அதற்கு இஷ்டமில்லை என்று பலர் மனசு நொந்துபோவது இந்த மணிக்கணக்கால்தான். காலைக்கு மாற்றுங்கள். ஊரில் ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்கு என்றால் இங்கே ஐந்தேகால்; சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தே பத்து நிமிஷம் பேசலாம். "சாப்பிட்டியா, படிச்சியா" என்றால் ஒற்றை வார்த்தைதான் பதில். டைம்டேபிளைப் போட்டோ எடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு மூணாவது பீரியட் கணக்குதானே மக்கா?" என்று கேளுங்கள், பேச்சு வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய இங்கே பகல் 11 முதல் 4 வரை வெயிலில் வேலைக்குத் தடை. பிள்ளை நாலரைக்கு வீடு சேரும்போது நமக்கு மணி இரண்டு. வெளிவேலைக்காரர்கள் அந்த மூன்று மாசமும் வீட்டுப்பாடத்தைக் கூடவே இருந்து பார்க்கலாம்.

தக்கலையிலிருந்து (கன்னியாகுமரி மாவட்டம்):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் போனில் சேர்த்ததை வீட்டில் ஒரே வாக்கியம் கெடுத்துவிடும்: "அப்பா வரட்டு, சொல்லிக்குடுக்கேன்." பாட்டா (தாத்தா) உட்பட யாரும் அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் லீவில் வருகிறவர் போலீஸ்காரர் ஆகிவிடுவார். திட்ட வேண்டியதை இங்கே இருப்பவர் அன்றைக்கே திட்டி முடித்துவிட வேண்டும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கியதும் சின்னப் பிள்ளையை வாரித் தூக்காதீர்கள். அது அலறும், தூக்கியவர் முகம் செத்துப்போகும். வீட்டில் பெட்டி பிரிக்கும்போது டேப்பைக் கிழிக்கிற வேலையை அதன் கையில் கொடுங்கள், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாளே ஸ்கூலுக்குக் கொண்டு விடுவது அப்பா வேலை.

ஒரு மாச லீவு என்றால் டிசம்பர் மூன்றாம் வாரம் வந்து பொங்கல் முடிந்து போகலாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கென்று மாசத் தொடக்கத்தில் வந்தால் 3ஆம் தேதி லோக்கல் லீவு கிடைக்கும், பின்னாலேயே அரையாண்டுப் பரீட்சை வந்து நிற்கும். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் விலை ஏறும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

துபாயிலிருந்து:
இங்கே வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. பாட்டா போனிலும் போட்டிம் (கால் பேசும் ஆப்) ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட் 5 வருஷம் அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை. விசாவுக்கு ஆறு மாசம் மிச்சம் இருக்க வேண்டும், ஆக நாலரை வருஷம்தான் உபயோகம். நம்ம ஊர் இனிஷியல் பழக்கத்தில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டால் சிக்கல்: 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தில் விசிட் விசா கிடையாது. அப்பா பெயர் உள்பக்கத்தில் இருந்தால் ஏற்கிறார்கள், என்றாலும் முதல் பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் போட்டுவிடுவது நல்லது.

இங்கே பிறக்கும் பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வாங்க அலைய வேண்டிவரும்.