ஈரோட்டில் பேன்ட் தைக்க யாரிடம் போகலாம்? கூடவே ஒரு கோழிக் கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதுக்குப் பிறகாவது ஒழுங்காக உடுத்தலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஜவுளிக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆயத்த பேன்ட் எனக்குப் பொருந்துவதே இல்லை. 36 எடுத்தால் இடுப்பு சரி, தொடை பிடிக்கிறது. உட்காரும்போது தையல் விட்டுவிடுமோ என்று பயம். 38 எடுத்தால் தொடை சரி, இடுப்பில் பெல்ட் இறுக்கி, கோணிப்பை வாயைக் கட்டியதுபோல் சுருக்கம் விழுகிறது. போன மாதம் ஒருவரிடம் தைக்கக் கொடுத்தேன். இடுப்பும் உயரமும் மட்டும் அளந்தார். துணியை நனைத்துக் காயவைத்து வெட்டச் சொன்னதும் காதில் விழவில்லை போலும். முதல் சலவைக்கே கணுக்கால் வெளியே வந்துவிட்டது.

தொடை, முழங்கால், பேன்ட் காலின் அடி அகலம் எல்லாம் அளந்து, ஒருமுறை போட்டுப் பார்க்கவைத்துத் தைப்பவர் இருந்தால் சொல்லுங்கள். கனி மார்க்கெட்டில் பருத்தித் துணி எடுத்துத் தருவேன். கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவது கேள்வி. ஆற்றுக்கு அக்கரையில்தான் பள்ளிபாளையம். ஆனால் 'பள்ளிபாளையம் சிக்கன்' என்ற பெயரில் இங்கே பல கடைகளில் தருவது மசாலாத்தூளில் புரட்டிய சிவப்புக் கோழி. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் கடை எது? நாட்டுக்கோழி என்றால் இன்னும் நல்லது.

பேன்ட் தைத்த பிறகுதான் கோழி. அளவு மாறிவிடக் கூடாதல்லவா?