பழைய ஜப்பானிய கேம்பர் வான் வாங்கியிருக்கிறோம்: வீட்டுப் பகுதியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

வணக்கம். ஜப்பானில் கேம்பர் வானாக மாற்றப்பட்ட பழைய ரொயோட்டா ஹையேஸ் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறோம். இயந்திரத்தையும் பிரேக்கையும் வழமையான கராஜ்காரர் பார்த்துவிட்டார். அதில் கவலை இல்லை. உள்ளே இருக்கும் வீட்டுப் பகுதிதான் எனக்குப் பிடிபடவில்லை. கையேடு கிடைக்கவில்லை. சுவிச்சுகளின் மேல் எல்லாம் ஜப்பானிய எழுத்தாக இருப்பதால், மகள் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் பிடித்து, மொழிபெயர்த்துத் தமிழில் எழுதி ஒட்டி வருகிறாள். இருக்கைக்கு அடியில் இரண்டாவது பற்றரி, பக்கச் சுவரில் மூடியுள்ள மின் இணைப்பு, சிறிய குளிர்சாதனப்பெட்டி, மைக்ரோவேவ், எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவை இருக்கின்றன. பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா செல்ல எண்ணியுள்ளோம். பக்கச் சுவர் இணைப்பை வீட்டு மின்சாரத்தில் செருகி, எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாமா?

பதில் 1 (தெஹிவளையிலிருந்து)

தயவுசெய்து இன்னும் செருகாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். அந்த இணைப்புக்குப் பின்னால் இருக்கும் பற்றரி சார்ஜரும் மைக்ரோவேவும் 100 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டவையாக இருந்தால், செருகிய கணத்திலேயே கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் உள்ள தகட்டைப் படியுங்கள். 100–240 என்று அச்சிட்டிருந்தால் அது நம் மின்சாரத்தைத் தாங்கும்; வெறும் 100 என்றால் தாங்காது.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்குவதானால், உள்ளீட்டையும் வெளியீட்டையும் முழுமையாகப் பிரிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அத்தகைய ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் நடக்கும் கசிவை உங்கள் வீட்டு ட்ரிப் சுவிச் உணராது என்பதால், வானுக்குள் என்ன பாதுகாப்பு வேண்டும் என்பதைத் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானின் கிழக்குப் பகுதி 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பகுதி 60 ஹேர்ட்ஸ். பழைய மைக்ரோவேவ்களில் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் உரியவை உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் அவை சரிவர இயங்கா. என்னைக் கேட்டால், மைக்ரோவேவை இப்போதைக்கு மறந்துவிடுவது நல்லது.

நீங்கள் முதலில் படிக்க வேண்டியது 12 வோல்ட் பகுதியை. மல்டிமீற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு, வாகனம் சில மணிநேரம் சும்மா நின்ற பின் இரண்டாவது பற்றரியை அளந்து பாருங்கள். சாதாரண ஈய-அமிலப் பற்றரி 12.7 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் மீதம். பின்னர் இயந்திரத்தை இயக்கி மீண்டும் அளந்து பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி ஏறினால் ஓட்டத்தில் சார்ஜ் ஆகிறது. ஏறாவிட்டால் இரண்டு பற்றரிகளையும் இணைக்கும் ரிலேயையும் அதன் பியூஸையும் பாருங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு பியூஸைக் கழற்றி, மீண்டும் இயக்கினால் எது இயங்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைபடம் எழுதுங்கள். மகள் ஒட்டும் தாள்களோடு அந்த வரைபடமும் சேர்ந்தால், கிடைக்காத கையேட்டைவிட அதுவே உங்களுக்கு அதிகம் உதவும்.

பதில் 2 (கொட்டாஞ்சேனையிலிருந்து)

மேலே அண்ணா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். குளிர்சாதனப்பெட்டி எந்த வகை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். இயங்கும்போது மோட்டார் முனகல் கேட்டால் அது கம்ப்ரசர் வகை. சத்தமே இல்லாமல், பின்புறம் தடித்த குழாய்களும் கீழே சிறிய எரிவாயு பேர்னரும் இருந்தால், அது அமோனியாவால் குளிரூட்டும் வகை. இந்த வகை, வாகனம் சமதரையில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 10 அம்பியர் இழுப்பதால், இயந்திரம் ஓடும்போது மட்டுமே அப்படி இயக்க வேண்டும். குழாய் மூட்டுகளில் மஞ்சள் தூள் படிந்து அமோனியா நெடி அடித்தால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது. திருத்த முயல வேண்டாம்.

எரிவாயுவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். ஜப்பானிய ரெகுலேற்றர் இங்குள்ள சிலிண்டருக்கு ஏற்றதல்ல. கடைசலில் செய்த இணைப்பு ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; ரெகுலேற்றரையும் இறப்பர்க் குழாயையும் எரிவாயு வேலை தெரிந்தவரைக் கொண்டு புதிதாக மாற்றுங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகையால் சிலிண்டர் பெட்டியின் அடியிலுள்ள துவாரம் எதனாலும் அடைபடாமல் இருக்க வேண்டும்.

பதில் 3 (மருதானையிலிருந்து)

ரயர்களையும் பாருங்கள். இவ்வகை வாகனங்களில் ரயர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 3215 என்றால் 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. வீட்டுப் பகுதியின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கக்கூடிய ரயரைத்தான் போட வேண்டும். பஞ்சிகாவத்தையில் பொருள் தேடும்போது, பாவித்த ரயர் மலிவு என்று வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. சார்ஜரின் தகட்டில் 100 வோல்ட் என்று மட்டுமே இருக்கிறது. ஆகவே பக்கச் சுவர் இணைப்பின் மூடிக்கு மேல் ‘செருக வேண்டாம்’ என்று ஒட்டிவிட்டோம். இரண்டாவது பற்றரி 12.1 காட்டுகிறது, இயந்திரம் ஓடும்போதும் அசையவில்லை. ரிலே வழமையாக எங்கே பொருத்தப்பட்டிருக்கும்?

பதில் 1 (தெஹிவளையிலிருந்து)

பெரும்பாலும் இரண்டு பற்றரிகளில் ஒன்றின் அருகிலேயே இருக்கும். நேர்முனையிலிருந்து செல்லும் தடித்த வயரைக் கையால் பின்தொடருங்கள். வழியில் முதலில் பியூஸ் வரும், அது எரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ரிலேக்குப் போங்கள்.